கறுப்பு பிங்குக்குச் சேர வேண்டியது

நூற்று எண்பது டாலர். படகில் வேலை செய்யும் லுக் ஷுய், துறையில் வேலை செய்யும் டாம் பிங்குக்குக் கொடுக்க வேண்டிய கடன் அது. மலைச்சரிவில் குடிசைகள் எரிந்த வருஷம் வாங்கியது. தகரமும் பலகையும் வாங்கி, பெண்டாட்டி பிள்ளைகளின் தலைக்கு மேல் மறுபடி ஒரு கூரை நின்றதென்றால் அது அந்தப் பணத்தால்தான்.

இருவருக்கும் ஒரே பிழைப்பு. ஹாங்காங் தீவுக்கும் கவுலூனுக்கும் நடுவே நாள் முழுக்கப் போய்வரும் படகில் ஷுய் முன்பக்கம் நின்று வடத்தை வீசுவான். கவுலூன் துறையில் கொக்கிக்கழியோடு நிற்கும் பிங் அதைக் கொத்தி இழுத்துக் கட்டுத்தறியில் மாட்டுவான். வெயிலில் காய்ந்து காய்ந்து கரியாகிப் போனவன் என்பதால் துறையில் அவன் பெயர் கறுப்பு பிங். ஷுய்யைவிட மூத்தவன்.

கடனை வருஷம் முடிவதற்குள் அடைத்துவிட வேண்டும். புத்தாண்டு விடிந்துவிட்டால் கொடுத்தவன் வாய் திறந்து கேட்கக் கூடாது. கேட்டால் இரண்டு வீட்டுக்கும் அந்த வருஷம் விளங்காது. அந்த முதல் வருஷக் கடைசி நாளன்று சாயங்காலம் பிங் குடிசைக்கு வந்தான். ஷுய்யின் கையில் முப்பது டாலர்கூட இல்லை. துணித் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, பெண்டாட்டியிடம் கிசுகிசுத்தான். அவளும் வாசலுக்குப் போய், "அவர் படகுல இருக்காருங்க, இன்னிக்கு வேலை" என்றாள்.

ஷுய்யின் படகு அன்று அடியில் ஒட்டிய பாசியைச் சுரண்டுவதற்காகக் கரையேறிக் கிடந்தது. ஊரில் வேறு யாரிடம் அந்தப் பொய்யைச் சொன்னாலும் செல்லும். எந்தப் படகு ஓடுகிறது, எது ஓடவில்லை என்று துறைக்காரனுக்குத் தெரியாதா?

"அப்படியா" என்றான் பிங். "வந்தா நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லும்மா." பிள்ளைகளுக்கு என்று கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களை வாசலில் வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. ஷுய் வடத்தை வீசுவான், பிங் கொத்துவான். ஒருநாள்கூட வடம் தண்ணீரில் விழுந்ததில்லை. கூட வேலை செய்யும் கோன்தான் சீண்டிக்கொண்டே இருப்பான்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அந்தக் கயிறு மட்டும்தான்டா பேசுது."

"அது பேசினா போதும்."

"போதும்னா, அந்த ஆளு இருமும்போதெல்லாம் நீ ஏன் திரும்பித் திரும்பிப் பாக்குற?"

அடுத்த வருஷம் ஷுய் பணத்தைச் சேர்த்துவிட்டான். சட்டையின் உள்பையில் வைத்துத் தைத்துக்கொண்டு திரிந்தான். பிங் ஒரு வார்த்தை கேட்டால் கொடுத்துவிடலாம். அவன் கேட்கவில்லை. கேட்காதவனிடம் போய்க் கொடுப்பதென்றால், அன்று திரைக்குப் பின்னால் நின்றதைப் பற்றியும் பேசியாக வேண்டும். பணத்தைத் தேடிய அளவுக்கு ஷுய் அந்த வார்த்தையைத் தேடவில்லை. வருஷம் புரண்டது. மூன்றாவது குளிர்காலத்தில் கொக்கிக்கழியை ஒரு புது ஆள் பிடித்துக்கொண்டு நின்றான். பிங்குக்கு நுரையீரல் போய்விட்டது, தீவுப்பக்கத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்றார்கள். ஷுய் இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றிருந்தான். அதற்குள் பிங் செத்துப்போனான்.

தீவில் ஒரு சாவுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஷுய் வெள்ளை உறையில் பணத்தைப் போட்டு, வாசல் மேசையில் கொடுத்து, மூன்று முறை குனிந்து வணங்கினான். மேசைக்காரர் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"என்னப்பா இது, நூத்தி எண்பது? துக்க வீட்ல இரட்டைப்படையில யாராவது வைப்பாங்களா? இன்னொரு சாவு விழணும்னா?"

உள்ளே முட்டிபோட்டிருந்த பிங்கின் பெண்டாட்டி அந்தத் தொகையைக் கேட்டதும் எழுந்து வந்தாள். உறையை எடுத்து ஷுய்யின் கையிலேயே திணித்தாள்.

"இது துக்கப்பணம் இல்ல. துக்கப்பணம் வாங்கினா நாளைக்கு உன் வீட்டுச் சாவுக்கு நான் திருப்பி வைக்கணும். உன் கடனை எங்க தலையில மொய்யா கட்டப் பாக்குறியா?"

"அண்ணி, அப்படி நினைக்கல. கடனைக் குடுக்கத்தான்…"

"யாருகிட்ட வாங்கினியோ அவருகிட்ட குடு. ஆஸ்பத்திரியில தினமும் வாசலைப் பாத்தாரு. பணத்துக்காகப் பாத்தாருன்னா நினைக்கிற?"

ஷுய் உறையோடு வெளியே வந்து, அதை மறுபடி உள்பையில் வைத்துத் தைத்துக்கொண்டான். அடைக்காத கடனுக்கு அடுத்த பிறவியில் மாடாகவும் குதிரையாகவும் உழைக்க வேண்டும் என்பார்கள். உழைத்து உழைத்து மரத்துப்போன உடம்பு, அதற்கு அவன் பயப்படவில்லை. வாசலைப் பார்த்தான் என்ற சொல்தான் நெஞ்சில் முள்ளாக நின்றது.

அடக்கம் முடிந்த அன்று பிற்பகல் பிங்கின் பெண்டாட்டி தீவுத்துறைக்கு வந்தாள். தலையில் வெள்ளை நூல் பூ. கையில் மணல் நிரப்பிய சின்னக் கிண்ணம், அதில் எரியும் ஊதுபத்தி. பத்தி அணையாமல் கொண்டுபோனால்தான் இறந்தவர் வழி தவறாமல் வீடு வந்து சேருவார். துறை வாசலின் சுழல்கதவில் கீழ்த்தட்டுக் கட்டணம் பத்து சதத்தைப் போட்டாள். பிறகு இன்னொரு பத்து சதம் போட்டாள்.

"ஒரு ஆளுதானேம்மா" என்றான் வாசல்காரன்.

"ரெண்டு பேரு" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஷுய்யின் படகில் அவளைச் சுற்றி இருக்கைகள் காலியாயின. புத்தாண்டு நெருங்கும் நேரத்தில் துக்கக்காரியின் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? நடுத்துறைமுகத்தில் ஒரு பெரிய சரக்குக் கப்பல் குறுக்கே போக, அலை படகைத் தூக்கிப் போட்டது. காற்று கிண்ணத்தைச் சுற்றிச் சுழன்றது. அவள் குனிந்து பத்தியை மார்போடு மறைத்தாள். ஷுய் போய், மழைக்குக் கட்டும் கித்தான் திரையை அவள் பக்கத்தில் இறக்கிக் கட்டினான்.

தண்ணீரைக் கடக்கும்போது இறந்தவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்; ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை. சொல்லாவிட்டால் அவர் தண்ணீரிலேயே நின்றுவிடுவார். ஏறும்போது அவள் சொல்லியிருந்தாள். மூன்று நாள் அழுததில் தொண்டை அப்போதே கட்டிப்போயிருந்தது. கவுலூன் துறை நெருங்கியபோது அவள் எழுந்து வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தாள். தூண்கள் வந்துவிட்டன, ஆட்கள் இறங்க எழுந்துவிட்டார்கள். கிண்ணம் அவள் கையில் சாய்ந்தது. மணல் சிந்தியது.

ஷுய் வடத்தைக் கையில் பிடித்தபடி அதைப் பார்த்தான். துறையில் புது ஆள் கழியை நீட்டிக்கொண்டு நின்றான். அந்த இடம் பிங் நின்ற இடம்.

"பிங் அண்ணே" என்றான். குரல் எழும்பவில்லை. வடத்தை வீசிவிட்டு, அது இறுகிப் படகு கரையில் முட்டி நின்றதும், கூட்டமெல்லாம் கேட்கும்படி மறுபடி கூப்பிட்டான்.

"பிங் அண்ணே, நான் ஷுய். கவுலூன் வந்துடுச்சு. பாத்து இறங்குங்க. அண்ணி முன்னால போறாங்க, பின்னாலயே வாங்க." மூச்சு வாங்கியது. "அன்னிக்கு நான் வீட்லதான் இருந்தேன் அண்ணே. திரைக்குப் பின்னாடி நின்னேன். பிள்ளைங்க பழம் தின்னாங்க. உங்களுக்கு அது தெரியணும்."

கோன் இறங்கு பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இறங்கப் போனவர்கள் ஒதுங்கி, இருவர் போகும் அளவுக்கு வழி விட்டார்கள்.

அவள் பலகையில் நடந்து போய்த் துறையில் கால் வைத்து நின்றாள். பத்தி எரிந்துகொண்டிருந்தது. திரும்பி, ஒரு கையை நீட்டினாள்.

"குடு" என்றாள். அடைத்த தொண்டையில் அவ்வளவுதான் வந்தது.

ஷுய் உள்பையின் தையலைப் பிய்த்து உறையை எடுத்து, பலகைக்கு மேலே நீட்டினான். அவள் வாங்கிக் கிண்ணத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பிறகு புகையைப் பார்த்து, காற்றான குரலில் புருஷனிடம் சொன்னாள்:

"ஷுய் குடுத்துட்டான். பாக்கி ஒண்ணுமில்ல. வாங்க, வீட்டுக்குப் போகலாம்."