சவுக்கங்காட்டுக்குப் போன பை

மணற்காட்டுச் சவுக்கங்காட்டில் நடக்கவென்று மூவரும் ஏறிய பஸ்ஸில் ஒரே நெரிசல். பெண்கள் இருவருக்கும் இடம் கிடைத்தது. நின்றுகொண்டிருந்த குகதாசன் தன் பையைக் கந்தோரில் கூட வேலை செய்யும் தோழி வித்தியாவிடம் நீட்டினான். பக்கத்தில் இருந்த மனைவி சிவகௌரிக்கு வயிறு பற்றி எரிந்தது. 'என்ரை மடியிலை முள்ளா முளைச்சிருக்கு?'

காட்டுக்குள் அவள் மணலில் கால் புதையப் புதைய, இருவரையும் பின்னே விட்டு விறுவிறென்று நடந்தாள். சவுக்கமர நிழலும் சுட்டது.

திரும்பும் பஸ்ஸில் முந்தி ஏறி, சீற் பிடித்து, கையை நீட்டினாள்.

"பையைத் தாங்கோ."

குகதாசன் முகம் மலர்ந்தான். தோளில் கிடந்த இரண்டு பைகளில் ஒன்றைக் கழற்றி, அவள் மடியில் பக்குவமாக வைத்தான்.

"கவனமாப் பிடியும், கௌரி. வித்தியாவின்ரை பை. பாவம், தோள் நோகுதெண்டவ. காடு முழுக்க நான்தான் காவினனான்."