சீமாட்டிக்கும் பாதிரிக்கும் நடந்த பந்தயம்

எங்கள் கிளாஷ் ஆற்றில் முத்துச்சிப்பி பூண்டோடு அழிந்துவிட்டதாக அரசாங்கப் பட்டியலில் அச்சடித்திருந்தார்கள். அதை நான் படித்த அன்று காலையில்தான் அவற்றில் இரண்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அந்தச் செய்தி அவற்றின் காதுக்கு எட்டியதாகத் தெரியவில்லை.

அந்த இரண்டும் சும்மா கிடந்த சிப்பிகள் அல்ல. பந்தயத்தில் இருந்தவை. 1938 ஜூன் மாதத்தில் புறப்பட்டவை. தூரம் பன்னிரண்டு அடி, ஆற்றோட்டத்துக்கு எதிராக, தட்டைக் கல்லிலிருந்து சிவப்புக் கல் வரைக்கும். சிப்பிக்கு நூறு வயது ஒரு பொருட்டே இல்லை என்பதால் யாரும் அவசரப்படுத்தவில்லை.

என் பெயர் லாக்கி மக்ஃபீ. எங்கள் சனம் குதிரை வண்டியில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு ஸ்காட்லாந்தின் வடக்கு முழுக்க அலைந்து, கோடையில் ஆற்றில் இறங்கி முத்தெடுத்த சனம். 1938-ல் கிளாஷ் ஆற்றில் முத்து நிறைந்த குதிரை மடு என்ற ஆழமான இடத்துக்கு என் தாத்தா வண்டியும் டவுன்ஸ்லி வீட்டுத் தாத்தா வண்டியும் ஒரே காலையில் வந்து நின்றன. மடு யாருக்கு என்று மூன்று நாள் கத்தினார்கள். நாலாம் நாள் தொண்டை கட்டிப்போய் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆளுக்கொரு சிப்பி, எந்தச் சிப்பி சிவப்புக் கல்லை முதலில் தொடுகிறதோ அந்த வீட்டுக்கு மடு. அதுவரை மடுவில் யாரும் கை வைக்கக் கூடாது. இன்னொன்றும் சேர்த்துக்கொண்டார்கள். பந்தயம் முடிகிற வரை இரண்டு வீட்டுக்கும் நடுவில் கல்யாணம் கிடையாது. சம்பந்தம் ஆகிவிட்டால் விட்டுக்கொடுக்கத் தோன்றும், பந்தயம் சுத்தமாக இருக்காது என்று பயம்.

எங்கள் சிப்பிக்குச் சீமாட்டி என்று பெயர். அவர்களுடையது பாதிரி, கறுப்பாக, மெலிந்து, யாரையோ கண்டிப்பது போல நிற்கும்.

ஓட்டத்தில் ஏற்ற இறக்கம் இருந்தது. 1955 கோடையில் சீமாட்டி ஒரே வருஷத்தில் ஒன்பது அங்குலம் பாய்ந்தாள். கரையில் நின்ற என் பெரியப்பாவுக்கு அந்த வேகத்தைப் பார்த்துத் தலை சுற்றிவிட்டது. 1961-ல் யாரோ ஒரு உறவுக்காரன் கரையில் உட்கார்ந்து பேக்பைப் வாசித்ததில் இரண்டு சிப்பிகளும் பின்னால் திரும்பி நாலு அங்குலம் போய்விட்டன. அதிலிருந்து அரை மைலுக்குள் இசை கிடையாது. ஒரு வெள்ளத்தில் சிவப்புக் கல்லே நாற்பது கஜம் அடித்துக்கொண்டு போனது. இரண்டு வீட்டாரும் சேர்ந்து குதிரை கட்டி இழுத்து வந்து பழைய இடத்தில் வைத்தார்கள். அன்றைக்கு யாரும் சண்டை போடவில்லை. மூச்சு இல்லை.

1980-ல் எனக்கு இருபத்தேழு வயது. அந்த வருஷம் அளவெடுக்க டவுன்ஸ்லி வீட்டிலிருந்து டோடி வந்தான். கூடவே அவன் தங்கை எஃபி வந்தாள். இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, "உங்க சீமாட்டி என்ன, தூங்குறாளா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். எனக்கு அதற்குப் பிறகு வேறு யாரையும் பிடிக்காமல் போய்விட்டது. அவளுக்கும் அப்படியே. என்னை அவளுக்குப் பிடித்திருந்தது என்பதை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அவளே சொல்லியிருக்கிறாள், கோபமாக.

பந்தயம் முடியட்டும் என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்னும் நாற்பது, நாற்பத்தைந்து வருஷம். பரவாயில்லை என்று நினைத்தேன். இருபத்தேழு வயதில் ஆளுக்குக் கணக்கு வராது.

1998-ல் சட்டம் வந்தது. முத்தெடுக்கக் கூடாது, சிப்பியைத் தொடவே கூடாது, தொட்டால் ஜெயில். பந்தயத்தின் பரிசாக இருந்த மடு இப்போது யாருக்கும் உதவாது. பரிசைச் சட்டம் எடுத்துக்கொண்டது. கல்யாணத் தடையை எங்களுக்கே விட்டுவிட்டது.

சட்டம் வந்து மூன்று வருஷத்தில் எங்களில் ரொம்பக் கறாராக மாறியவன் டோடிதான். அதுவரை அவன் மதித்த சட்டம் ஒன்றை எனக்குத் தெரியாது. அவன் வீட்டுக் கறிச்சட்டியில் வெந்த சால்மன் மீன்களுக்கெல்லாம் சொந்தக்காரர் வேறொருவர். ஆனால் சிப்பி விஷயத்தில் மட்டும் விரலை ஆட்டுவான்.

"தொடாதே லாக்கி! சட்டம்டா. கண்ணாடி வழியா பாரு, போதும். அதுவும் ரெண்டு கஜம் தள்ளி நின்னு பாரு."

அடியில் கண்ணாடி பதித்த வாளியைத் தண்ணீர்மேல் அழுத்திப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். ஆனால் எங்கள் சனம் கண்ணை நம்புகிற சனம் இல்லை. சிப்பிக்கு உயிர் இருக்கிறதா என்று கையில் தூக்கிப் பார்த்து, கனத்தை வைத்துத்தான் சொல்லுவோம். அந்தக் கையைக் கட்டிப் போட்டாயிற்று. வருஷத்துக்கு ஒரு முறை வாளி வழியாக எட்டிப் பார்த்தோம். இரண்டு சிப்பியும் நிமிர்ந்து நின்றன. உதட்டோரத்தில் பழுப்புக் குஞ்சம் தண்ணீரில் ஆடியது. முன்னே பின்னே ஓர் அங்குலம். எப்போதும் சமமாகவே வந்துகொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை தோறும் எஃபி வீட்டுக்குப் போவேன். அவள் ஓட்ஸ் ரொட்டி சுடுவாள். நான் டீ குடிப்பேன். எங்கள் இருவருக்கும் நடுவில் டோடி உட்கார்ந்து, நான் குடிக்கும் டீயைப் பற்றி ஏதாவது சொல்லுவான். இப்படி நாற்பத்துநாலு வருஷம் போனது.

போன வருஷம் ஜூனில் சிவப்புக் கல்லுக்கு இன்னும் இரண்டு அங்குலம் இருந்தது. எனக்கு எழுபத்தொன்று, எஃபிக்கு அறுபத்தொன்பது. கடைசி நேரத்தில் சிப்பி மனசு மாறிவிடக் கூடாது என்று தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் பட்டியலைச் சரிபார்க்க ஒரு பெண் வந்தாள். மோர்வென் என்று பெயர். ரப்பர் உடுப்பும் சிப்பியைத் தொட லைசென்சும் வைத்திருந்தாள்.

"ஐயா, இந்த ஆத்துல சிப்பி இல்லன்னு எழுதியிருக்கு. நிஜமாவே இல்லையான்னு பார்க்கணும்."

"இருக்கு தாயி. ரெண்டு பேர். கொஞ்சம் வேலையா இருக்காங்க."

டோடி அவளை மடுப் பக்கமே விடவில்லை. ஆழம் என்றான், வழுக்கும் என்றான், அங்கே ஒரு கெட்ட ஆவி இருக்கிறது என்றான். பொடிக்கொசு மேகமாக வந்து அவன் வாய்க்குள் போனபோதுதான் நிறுத்தினான். அதற்குள் அவள் இறங்கிவிட்டாள். எஃபியும் நானும் கரையில் நின்றோம்.

முதலில் சீமாட்டியைத் தூக்கினாள். அளந்தாள். தடவிக் கொடுக்காத குறை. "அழகா இருக்கா. நல்ல கனம்" என்று பழைய இடத்திலேயே நட்டாள். பிறகு பாதிரியைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள். திருப்பினாள். காதருகே ஆட்டினாள்.

"ஐயா, இதைக் கட்டி வச்சிருக்காங்க."

"என்னது?"

"தூண்டில் நரம்பு போட்டு மூடிக் கட்டியிருக்கு. உள்ளே பூரா ஜன்னல் கண்ணாடிக்கு அப்புற பசை. வாயில கம்பளி நூல் தச்சிருக்கு. இது செத்து இருபது வருஷத்துக்கு மேல இருக்கும்."

கரைக்குக் கொண்டுவந்து காட்டினாள். எஃபி கம்பளிக் குஞ்சத்தை விரலால் நிமிண்டிப் பார்த்தாள்.

"என் பழுப்பு ஸ்வெட்டர்!" என்றாள். "கை ஓரத்தை எலி கடிச்சிடுச்சுன்னு சொன்னியே அண்ணே! நான் எலிக்கு மருந்து வச்சேனே!"

டோடி வானத்தைப் பார்த்தான். வானத்தில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை, மழைகூட இல்லை.

நான் மெதுவாகத்தான் கேட்டேன். "டோடி, இருபது வருஷமா செத்துக் கிடந்தவன் எப்படிடா இருபத்தெட்டு அங்குலம் நடந்தான்?"

"நல்ல ரத்தம்" என்றான் டோடி. "டவுன்ஸ்லி வீட்டுச் சிப்பி. சட்டுனு நின்னுடாது."

"அண்ணே."

எஃபி அந்த ஒரு சொல்லைச் சொல்லுகிற விதம் ஒன்று உண்டு. டோடி புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"2001-லேயே போயிட்டான்" என்றான். "வாயைத் திறந்துகிட்டு, உள்ளே பூரா மணலா கிடந்தான். சொன்னா பந்தயம் முடிஞ்சிடும். நீ இவன் வண்டியில ஏறிப் போயிடுவே. அதான் வருஷா வருஷம் சீமாட்டி எவ்வளவு போறாளோ, பாதிரியையும் அவ்வளவு தள்ளி வச்சேன்."

"உனக்கு ரொட்டி சுடத் தெரியலன்னு என் கல்யாணத்தை ஆத்துல போட்டு மூடிட்டியா?"

"ரொட்டி இல்ல எஃபி." அவன் என்னைப் பார்க்காமலே சொன்னான். "ஞாயித்துக்கிழமை. நீயும் போயிட்டா இவனும் வர மாட்டான். இந்த ஆளோட சண்டை போட்டே பழகிடுச்சு. வேற யார் இருக்கா எனக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. இருபத்து மூன்று வருஷத்துக்கான கோபம். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அதற்குள் டோடிக்கே தெம்பு திரும்பிவிட்டது.

"ஆனா ஒண்ணு. தாத்தா போட்ட விதியில சிப்பி உயிரோட இருக்கணும்னு எங்கேயும் சொல்லல. எங்க ஆளு இன்னும் தடத்துலதான் இருக்கான். பந்தயம் நடக்குது!"

மோர்வென் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எஃபியைப் பார்த்தேன். விதி என்று பார்த்தால் அவன் சொன்னதில் தப்பில்லை. தோற்றதை ஒப்புக்கொள் என்று ஒரு டவுன்ஸ்லியிடம் சொல்லிப் பிரயோசனமும் இல்லை. சீமாட்டிக்கு இன்னும் இரண்டு அங்குலம். அவள் மனசு வைத்தால் ஒரு வருஷம், இல்லாவிட்டால் மூன்று.

எஃபி அண்ணன் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, அப்பா செத்தப்ப அவர் வண்டியை என்ன செஞ்சோம்?"

"எரிச்சோம். எல்லாரும் செய்யறதுதானே."

"அவர் கோட்டு, புகைக்குழாய், படுக்கை?"

"அதையும் வண்டியில வச்சுத்தான் எரிச்சோம். செத்தவங்க சாமானை யார் வச்சுக்குவா?"

"நம்ம அப்பாவுக்கும் குதிரைக்காரன் ரீடுக்கும் பதினெட்டு வருஷச் சண்டை இருந்துதே. வண்டி எரிஞ்ச மறுநாள் நீ ரீடைப் பார்த்தியா?"

டோடி முனகினான். "பார்த்தேன். கை கொடுத்தேன்."

"ஏன்?"

"செத்தவர் சண்டையும் வண்டியோட போயிடும். அதுதானே வழக்கம்."

"அப்போ பாதிரி செத்துட்டார்" என்றாள் எஃபி. "அவர் சண்டையை எரி."

எங்கள் சனத்தில் எந்தச் சட்டத்தையும் வளைக்கலாம். இதை மட்டும் வளைக்க மாட்டார்கள். செத்தவர் வண்டியை எரிக்காத வீடு என்று ஒருவன் பேர் வாங்கினால் அவனோடு உட்கார்ந்து டீ குடிக்க ஆள் இருக்காது.

சிப்பி ஓட்டை நெருப்பில் போட முடியாது. மோர்வெனும் ஓட்டைப் பையில் போட்டு முத்திரை குத்திவிட்டாள். பாதிரிக்கு என்று உலகத்தில் இருந்த சொத்து தூண்டில் நரம்பு ஒரு முழம், கம்பளி நூல் ஒரு குஞ்சம். கெட்டில் அடுப்புக்காக மூட்டிய தீயில் டோடி இரண்டையும் போட்டான். தொப்பியைக் கழற்றிக்கொண்டான். நாங்களும் நின்றோம். லைசென்ஸ் வைத்திருந்தவளும் நின்றாள், நல்ல வளர்ப்பு. கம்பளி நாறியது. எண்பத்தாறு வருஷச் சண்டை அரை நிமிஷத்தில் போய்விட்டது.

டீ குடிக்கும்போது மோர்வென் ஒரு செய்தி சொன்னாள். சீமாட்டிக்குப் பின்னால் சரளையில் நகத்தளவு குஞ்சுச் சிப்பிகள் இருக்கின்றனவாம். சிப்பிக் குஞ்சு முதலில் மீனின் செவுளில் தொற்றிக்கொண்டு குளிர்காலத்தைக் கழித்து, அப்புறம்தான் தரையில் இறங்கும். ஆற்றில் வேறு ஆண் சிப்பி இல்லாமல் போனால், பெண் சிப்பி ரெண்டு வேலையையும் தானே பார்த்துக்கொள்ளுமாம்.

"துணையே இல்லாமலா?" என்றாள் எஃபி.

"ஆமாம்மா. காத்துட்டு இருக்காது."

எஃபி டீயை ஒரு வாய் குடித்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இது எனக்கு முன்னாடியே தெரியாம போச்சே" என்றாள்.

பட்டியலிலிருந்து எங்கள் ஆற்றின் பெயரை எடுத்து, உயிரோடிருக்கும் ஆறுகளின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். எஃபி, ஞாயிற்றுக்கிழமை டீ இனி லாக்கி வீட்டில்தான் என்றும், டோடி ஒரு மணிக்கு வந்தால் போதும், அதற்கு முன்னால் வந்தால் கதவு திறக்காது என்றும் சொல்லிவிட்டாள். அவன் பன்னிரண்டரைக்கு வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொள்ளலாமா என்று கேட்டான்.

அடுத்த வாரம் மூன்று பேரும் பஸ் பிடித்துப் பதிவு அலுவலகம் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் படிவத்தை வாங்கி, எங்கள் வயதை இரண்டு தடவை பார்த்தார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"இன்னிக்குக் கொடுத்தாலும், இருபத்தொன்பது நாள் கழிச்சுத்தாங்க கல்யாணம். யாருக்காவது ஆட்சேபம் இருந்தா சொல்றதுக்கு அவகாசம் கொடுக்கணும்."

டோடி தரையைப் பார்த்தான். எஃபி கைப்பையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள்.

"இருபத்தொன்பது நாளா?" என்றாள். "தம்பி, அவ்வளவு நாளெல்லாம் யாரால காத்திருக்க முடியும்?"

அவர் விதியை மாற்றவில்லை. நாங்கள் காத்திருந்தோம். எனக்கு அது கொஞ்சம் நீளமாகத்தான் பட்டது.