ஒன்று கூட்டிக் கேட்டவர்

ஏலத்தில் முந்திக்கொண்டு விலை கேட்பவன் முட்டாள் என்பது தையல்காரியின் கட்சி. பழைய தையல் மெஷின்களை இணைய ஏலத்தில் எடுத்து, அக்கக்காகக் கழற்றி எண்ணெய் போட்டு, ஓட வைத்து விற்பது அவளுக்குத் துணி தைப்பதைவிட நல்ல பிழைப்பாகியிருந்தது. மற்றவர்கள் போட்டி போட்டு விலையை ஏற்றும்போதெல்லாம் பூனை மாதிரி பதுங்கியிருப்பாள். தன் உச்ச விலை என்ன என்பதை மனதுக்குள் தீர்மானித்து வைத்துக்கொள்வாள். முடிய மூன்று வினாடி இருக்கும்போது ஒரே அமுக்கு. எதிராளி சுதாரித்து விரலைத் தூக்குவதற்குள் ஏலம் மூடியிருக்கும்.

பக்கத்துக் கடையில் சாவி செய்பவர் அவளுக்குக் ‘கடைசி நொடி’ என்றே பேர் வைத்துவிட்டார். “என்னம்மா கடைசி நொடி, இன்னைக்கு யார் வாயில மண்ணு?” என்பார்.

அந்த மண் முதன்முதலாக அவள் வாயில் விழுந்தது துணி ஓரம் அடிக்கிற ஒரு ஓவர்லாக் மெஷினில். நாலாயிரத்து முன்னூற்றுப் பதினேழு என்று கேட்டாள். யாரும் ஊகிக்க முடியாத எண். ஆனால் அதே நொடியில் இன்னொருவர் நாலாயிரத்து முன்னூற்றுப் பதினெட்டு கேட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தத் தளத்தில் ஏலம் கேட்பவர்களின் பெயரில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் தெரியும், நடுவில் புள்ளிகள். இந்த ஆளுக்கு எழுத்தே இல்லை. வெறும் புள்ளிகள்.

தற்செயல் என்று விட்டாள். அடுத்த மெஷினிலும் அதே புள்ளிகள். அதற்கடுத்ததிலும். ஒவ்வொரு முறையும் அவள் கேட்டதற்கு மேல் சரியாக ஒன்று.

“உன் கம்ப்யூட்டருக்குள்ள எவனோ பூந்துட்டான்மா” என்றார் சாவிக்காரர். கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தாள். அவருடைய போனை வாங்கி, அவர் பேரிலேயே கேட்டுப் பார்த்தாள். அப்போதும் ஒன்று கூடுதல்.

ஒரு மதிய வேளையில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அடிநூல் சுற்றும் பாபின்கள் போட்டு வைக்கிற துருப்பிடித்த டப்பா ஒன்று ஏலத்துக்கு வந்திருந்தது. ஈ, காக்கை கூட அதைச் சீந்தவில்லை. திரையைத் திறந்து வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மடியில் கட்டிக்கொண்டாள். தொள்ளாயிரத்து ஆறு என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி, எதையும் தொடவில்லை. கடைசி நொடியில் புள்ளிகள் வந்தன. தொள்ளாயிரத்து ஏழு.

வெயில் கண்ணாடிக் கதவில் தகதகத்துக்கொண்டிருந்தது. அவளுக்கோ முதுகில் ஐஸ் வைத்தாற்போல் இருந்தது. அன்றோடு ஏலம் கேட்பதை நிறுத்தினாள். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சொன்னால் நட்டு கழன்றுவிட்டது என்பார்கள்.

அவள் நிறுத்தினாலும் அது நிறுத்தவில்லை. லாரி ஓட்டும் அவள் கணவர் விடுப்பில் இருந்த நாளில், கடையிலேயே இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் டிங்கென்றது. ‘உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஏலம்’ என்று தளத்திலிருந்து ஒரு செய்தி. திறந்தாள்.

‘தையல் கடை. உள்ளது உள்ளபடி.’

படத்தில் இருந்தது இதே கடை. அதே வெட்டு மேசை, அதே நூல் தட்டு. மெஷின் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண். அவள் தைத்துக்கொண்டிருந்த பச்சைத் துணி, இன்று காலையில்தான் தையல்காரி வெட்டியது. ரவிக்கையின் ஒரு கைதான் இதுவரை தைத்து முடிந்திருந்தது, படத்திலும்.

கணவர் சோற்றுக் கையோடு எழுந்தார். “எவன்டி அவன், கடைக்குள்ள வந்து போட்டோ எடுத்தது?”

“வரவே இல்லைங்க. எங்கருந்து எடுத்திருக்குன்னு பாருங்க.”

பார்த்தார். படம் எடுத்த இடத்தில் துணி அலமாரி இருந்தது, சுவரோடு சுவராக. எலி கூட நுழைய முடியாது. திறந்து பார்த்தார், துணியையெல்லாம் இழுத்துப் போட்டார். பின்னால் செங்கல்தான்.

அதற்குப் பிறகுதான் அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் சிரிக்கவில்லை. ஏலம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. இதுவரை யாரும் விலை கேட்டிருக்கவில்லை.

“கடையை மட்டுமா விக்கறான்?” என்றார் மெதுவாக.

“உள்ளது உள்ளபடின்னா, அந்த நேரத்துல உள்ள என்னென்ன இருக்கோ எல்லாம் சேர்த்துங்க.”

“அப்ப நாமளே எடுத்துடலாம்.”

“நான் கேட்டா அது ஒண்ணு கூட்டிக் கேக்கும். நான் நினைச்சாலே அதுக்குத் தெரிஞ்சிடுது.” திடீரென்று அவர் முகத்தைப் பார்த்தாள். “நீங்க கேளுங்க. என்கிட்ட சொல்லாதீங்க. நீங்க என்ன நினைக்கறீங்கன்னு எனக்கு இருபது வருஷமா தெரிஞ்சதில்லை. அதுக்கு மட்டும் எப்படித் தெரியும்?”

பதினாறு சக்கர லாரியைச் சந்துக்குள் பின்னோக்கி ஓட்டுகிற மனிதர், விசைப்பலகையில் ஒரு எழுத்தைத் தேட ஊரெல்லாம் சுற்றுவார். “விலையை முன்னாடியே அடிச்சு வெச்சுக்குங்க. மூணுன்னு காட்டும்போது அமுக்குங்க. நாலுலயும் வேணாம், ரெண்டுலயும் வேணாம்” என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அவள் மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்று, காதைப் பொத்திக்கொண்டாள். எதையும் நினைக்கக் கூடாது. துணி அளவுகளை வாய்க்குள் முணுமுணுத்தாள். தோள், மார்பு, இடுப்பு. ஆனாலும் நினைக்காதே என்றால்தானே நினைப்பு வரும்? மெஷின் இவ்வளவு, மேசை இவ்வளவு, கூட நான் ஒருத்தி, எனக்கென்ன, இந்த முட்டி வலியோடு. ஏதோ ஒரு எண் தானாக மனதில் வந்து உட்கார்ந்தது.

அலமாரிக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது போல ஒரு சத்தம். பொத்திய காதுக்குள் எப்படிக் கேட்டது என்று தெரியவில்லை.

பிறகு கணவர் தோளைத் தொட்டார். “முடிஞ்சுது. நமக்குத்தான்.”

அவர் முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரலில் இருந்தது பயமில்லை, கோபம். “நான் அமுக்கின அதே நொடியில அதுவும் கேட்டுச்சு. ஆறாயிரத்து நூத்தி ஒண்ணு.”

அவள் தலை குனிந்துகொண்டாள். அவள் நினைத்தது ஆறாயிரத்து நூறு.

“இவ்வளவுதானா?” என்றார். “கடையும் மெஷினும் போக, உனக்குன்னு நீ என்னடி போட்ட?”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நீங்க எவ்வளவு கேட்டீங்க?” என்றாள்.

“சொல்ல மாட்டேன். உனக்குத் தெரிஞ்சா அதுக்கும் தெரிஞ்சிடும்.”

திரையில் அந்த ஏலம் இருந்த பக்கத்தில் வேறொரு வரி வந்திருந்தது: ‘தொகை பெறப்பட்டது.’ இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் எதையும் கட்டவில்லை. வங்கிக்குப் போய்ப் பார்த்ததில் கணக்கில் ஒரு காசு குறையவில்லை. வீட்டில் பீரோவைத் திறந்து பார்த்தார்கள். எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தது. அவர் உடம்பிலிருந்தே எடுத்திருக்குமோ என்று பயந்து, கை, கால், கண் எல்லாவற்றையும் ஒரு மருத்துவரிடம் காட்டச் சொல்லி அவள் அழுதாள். மருத்துவர் அவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, கல்லு மாதிரி இருக்கீங்க என்றார்.

எது போயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை. அவள் தளத்தில் தன் கணக்கை மூடிவிட்டாள். துணி தைப்பதோடு சரி. அலமாரியை அந்தச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, வெறும் செங்கலுக்கு எதிரே மெஷினைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள், முதுகு வாசல் பக்கம் இருக்கும்படி. விடுப்பு நாட்களில் கணவர் வந்து பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவரும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். சில நேரம் அவர் உதடு ஏதோ ஒரு எண்ணைச் சொல்வது போல அசையும். அவள் சட்டென்று வேறு பக்கம் பார்த்து, மெஷினை வேகமாக மிதிப்பாள்.