குடைத் துண்டு

போர்வையில் முதலையைச் சேர்ப்பதா விடுவதா என்று சுஜானி காலையிலிருந்து குழம்பிக்கொண்டிருந்தாள். பச்சைத் துணி முழுக்கக் குட்டி முதலைகள். ஒவ்வொன்றும் கழுத்தில் பட்டி கட்டிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. நல்ல சிரிப்புத்தான், ஆனாலும் பல் பல்தானே! வரப்போகும் பிள்ளை மத்தியானம் கண் அயர்ந்து எழும்பும்போது மூக்குக்கு நேரே ஒரு முதலை சிரித்தால் அதன் நெஞ்சு என்ன பாடுபடும்? கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். முதலை 'வேண்டாம்' பைக்குள் போனது.

அந்தப் பிளாஸ்டிக் சொப்பின் பைக்குள் முதலைக்கு முன்பே நிறையப் பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். கோழியும் குஞ்சுகளும் போட்ட மஞ்சள் துணி போயிற்று. தாயில்லாத பிள்ளைக்கு யாராவது தாய்க்கோழியைப் போர்த்திவிடுவார்களா? ஜன்னல் வைத்த குட்டி வீடுகள் போயின, எந்த வீட்டை நினைத்து அழுவாளோ என்று. பாய்க்கப்பல்களும் போயின. பிள்ளையின் தகப்பன் கடலோடு போனவரா, வேறு எங்காவது போனவரா என்று சிறுவர் இல்லத்தில் யாரும் சொல்லவில்லை. கேட்க இவளுக்கும் வாய் வரவில்லை. கடைசியாக, மழைத்துளிகளுக்கு நடுவே சிவப்புக் குடைகள் மிதக்கும் நீலத் துணி. கொண்டுவந்த துணிகளிலேயே அதுதான் கண்ணைப் பறிக்கும் வடிவு. ஆனால் அந்தத் துளிகளைப் பார்க்கப் பார்க்கக் கண்ணீர்த் துளிகளாகவே தெரிந்தன. அதையும் மடித்துத் திணித்தாள்.

சனிக்கிழமை லதுசா வருகிறாள். ஆறு வயது. கல்யாணமாகிப் பல வருடங்கள் கோயில் கோயிலாகவும் கிளினிக் கிளினிக்காகவும் அலைந்து ஓய்ந்தபிறகு, சுஜானியும் நிசாந்தனும் தத்தெடுக்க எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து கிடைத்த பிள்ளை. கிடைத்தது என்றுகூட இன்னும் சொல்ல முடியாது. இரண்டு கிழமை வீட்டில் வைத்திருக்க வேண்டும். அதன்பிறகு சிறுவர்களுக்குப் பொறுப்பான நன்னடத்தை உத்தியோகத்தர் வந்து பிள்ளையைத் தனியே இருத்தி, இங்கே இருக்க விருப்பமா என்று கேட்பார். பிள்ளை தலையை இடம் வலமாக ஆட்டினால் எல்லாம் முடிந்தது.

இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா ஒளிக்காமல் சொல்லித்தான் விட்டிருந்தார்.

"முதலும் ஒரு வீட்டுக்குப் போனவள். அங்க கட்டில்ல படுக்கவே மாட்டன் எண்டிட்டாளாம். விடிய விடிய நிலத்தில குந்திக்கொண்டிருந்திருக்கிறாள். ஏனெண்டு கேட்டாலும் வாய் திறக்கேல்ல. சரியான பிடிவாதம் எண்டு ஒரு கிழமையில கொண்டுவந்து விட்டிட்டினம்."

கொண்டுவந்து விட்டிட்டினம். கடையில் வாங்கிய சாமானா திருப்பிக் கொடுக்க? அன்றைக்கு இல்லத்து வாசலிலேயே சுஜானி முடிவெடுத்துவிட்டாள். பிள்ளை கட்டிலில் படுக்க வேண்டும். படுத்துத் தூங்க வேண்டும். அதற்கு அந்தக் கட்டில் அவளைக் கூப்பிட வேண்டும். ஒட்டுப் போர்வை தைக்கும் எண்ணம் அப்படித்தான் வந்தது.

துணி தந்தவள் அசனா. சந்தைக்குப் பக்கத்தில் ஆடைத் தொழிற்சாலைக் கழிவுத் துண்டுகளை நிறுத்து விற்பவள். பொம்மைப் படம் போட்ட துணிகளாகவே பொறுக்கிக்கொண்டு போன சுஜானி, அவற்றை அப்படியே அருகருகே வைத்துத் தைத்துப் பார்த்தபோது, ஒட்டகச்சிவிங்கியும் ஐஸ்கிறீமும் ரொக்கட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மிதித்தன. பார்க்கவே தலை சுற்றியது. தூக்கிக்கொண்டு அசனாவிடமே ஓடினாள்.

"என்ன தங்கச்சி இது, மீன் சந்தை மாதிரி இரிக்கி? எல்லாம் ஒண்டாக் கத்துது. ஒரு துண்டுக்கு ஒரு படம் மட்டும் வெட்டுங்க. சுத்திவர வெள்ளைப் பட்டி வைங்க. ஒவ்வொண்டும் தனித்தனி அறையில இரிக்கட்டும். அப்பதான் பாக்கிற கண்ணுக்கு ஆறுதல்."

"பிள்ளைக்குப் பிடிக்குமோ ராத்தா?"

"புள்ளைக்கு உங்களப் பிடிச்சாப் போதும். போர்வையையா அம்மா எண்டு கூப்பிடப் போகுது?"

யோசனை சரியாகத்தான் இருந்தது. ஒட்டகச்சிவிங்கிக்கு ஒரு கட்டம், அன்னாசிக்கு ஒன்று, பட்டத்துக்கு ஒன்று, கண்ணாடி போட்ட பூனைக்கு ஒன்று. சுற்றிலும் வெள்ளைப் பட்டி. உள்ளே பஞ்சு வேண்டாம் என்று தன் பழைய பருத்திச் சேலையை வைத்துத் தைத்தாள். எல்லாம் முடித்துக் கட்டிலில் விரித்தபோது உண்மையிலேயே வடிவாக இருந்தது. அப்போதும் பூனையின் கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருக்கிறதோ என்று கழற்றப் போனவளை நிசாந்தன்தான் தடுத்தான்.

"சுஜா, இது போர்வையோ, இல்லாட்டிச் சோதனைப் பேப்பரோ? திருத்திக்கொண்டே இருக்கிறீர்."

சொன்னவர் மட்டும் என்ன திறம்? பிள்ளைக்கு எந்த நிறம் பிடிக்குமென்று தெரியாமல் கடையிலிருந்த நிறமெல்லாம் வாங்கி வந்து, குளியலறையில் பல்துலக்கும் பிரஷ்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தான்.

சனிக்கிழமை விடியவே மழை பிடித்துக்கொண்டது. துறைமுகத்துக்குள் கப்பலொன்று வருகிறதென்று, இழுவைப் படகில் வேலை செய்யும் நிசாந்தனைத் திடீரெனக் கூப்பிட்டுவிட்டார்கள். நேரத்துக்கு வந்துவிடுவதாகச் சத்தியம் செய்துவிட்டுப் போனான். பொறுப்பாளர் அம்மா ஓட்டோவில் வந்து பிள்ளையையும் ஒரு துணிப்பையையும் விட்டுவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு, பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் போனார். வீட்டில் சுஜானியும் லதுசாவும் மழையும்தான்.

சாப்பிட்டாள். கேட்டதற்கெல்லாம் "ஓம் அன்ரி" என்றாள். கை கழுவியபின் சுஜானி அவளை அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்து காட்டினாள்.

லதுசா கட்டிலுக்குக் கிட்டப் போய் நின்றாள். விரலை நீட்டி, தொடாமல், ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு போனாள். உதடு அசைந்தது. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை போய், கட்டிலைச் சுற்றி மறுபக்கம் வந்து, எதையோ தேடுவதுபோல மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். பிறகு பின்னால் நகர்ந்து, சுவரோடு சாய்ந்து நிலத்தில் குந்திக்கொண்டாள்.

பொறுப்பாளர் அம்மா சொன்னது சுஜானியின் காதில் மறுபடி கேட்டது. நிலத்தில குந்திக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு கிழமையில கொண்டுவந்து விட்டிட்டினம். எந்தப் படம்? பூனையா? பூனையைத்தான் அப்போதே கழற்றியிருக்க வேண்டும். அவளும் மெதுவாக நிலத்தில் உட்கார்ந்தாள்.

"பிடிக்கேல்லையோ அம்மா?"

"வடிவாயிருக்கு."

"அப்ப ஏறிப் படுக்கலாமே?"

பிள்ளை வாசலைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அவையள் எல்லாரும் எப்ப வருவினம்?"

"ஆர் பிள்ளை?"

"பட்டம், அன்னாசி, பூனை... எல்லாரும்."

சுஜானிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளைதான் தன் துணிப்பையை இழுத்துத் திறந்தாள். துவாயை எடுத்து விரித்தாள். அதன் மூலையில் சிவப்பு நூலில் ஒரு குடை தைத்திருந்தது. தட்டை எடுத்துக் கவிழ்த்தாள். அடியில் வர்ணத்தில் ஒரு குடை. 

"இல்லத்தில என்ர கட்டில்லயும் இருக்கு. பட்டம் எண்டா வினுஜா அக்கா. அன்னாசி எண்டா சின்னத் தர்சி. நான் குடை." கட்டிலைக் கண்ணால் காட்டினாள். "இதில என்ர படம் இல்லை. அந்த வீட்டிலயும் இருக்கேல்ல."

எழுத்துக் கூட்டத் தெரியாத சின்னதுகளுக்காக இல்லத்தில் யாரோ போட்ட அடையாளம். பார்வையாளர் கூடத்துக்கு அப்பால் போகாத சுஜானிக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? எல்லாக் கட்டத்திலும் ஒரு பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு, வரப்போகும் பிள்ளைக்கு மட்டும் இடமில்லாமல் ஒரு கட்டிலை விரித்து வைத்திருந்திருக்கிறாள். அந்த வீட்டிலும் இந்தப் பிள்ளை பிடிவாதம் பிடிக்கவில்லை, அடுத்தவளுடைய கட்டிலில் படுப்பது பிழை என்றுதான் குந்தியிருந்திருக்கிறாள்.

"இருக்கு! உங்கட குடை இருக்கம்மா, இஞ்சதான் இருக்கு!" என்று குசினி அடுப்படிக்கு ஓடிச் சொப்பின் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். முதலை விழுந்தது. கோழி விழுந்தது. கப்பல்களும் வீடுகளும் விழுந்தன. நீலத் துணியைக் காணவில்லை. உதறினாள், புரட்டினாள், குப்பைக் கூடைக்குள்ளும் கைவிட்டாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது: காலையில் நிசாந்தன், மோட்டார் சைக்கிள் சீற்றைத் துடைக்க இந்தப் பைக்குள் கைவிட்டு ஏதோ இழுத்துக்கொண்டு போனான். 

தொலைபேசியை அவன் எடுக்கவில்லை. துறைமுகத்தில் கப்பல் ஒருமுறை ஊதியது. லதுசா சுவரோரம் அப்படியே இருந்தாள். சுஜானி வாசலுக்கும் அறைக்குமாக நடந்தாள். துணியைக் கடலில் எறிந்திருப்பானோ? வேறொரு குடையைத் தைத்துக் கொடுத்தால் அது தன்னுடையது இல்லை என்று கண்டுபிடித்துவிடுவாளோ?

அவன் வந்தபோது தொப்பலாக நனைந்திருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றுமுன் சுஜானி மழைக்குள் இறங்கிச் சீற்றின் கீழே கைவிட்டாள். நீலத் துணி சுருண்டு கிடந்தது. ஒரு பக்கமெல்லாம் எஞ்சின் ஒயில். ஒரேயொரு குடை மட்டும் தப்பியிருந்தது, அதன் காம்பிலும் அவனுடைய கறுத்த விரல் அடையாளம். நிசாந்தன் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தான். சுஜானி துணியை அறைக்குள் கொண்டுபோய் லதுசாவுக்கு விரித்துக் காட்டினாள்.

"என்ர," என்றாள் லதுசா.

துணியைப் பிழிந்து, குடையைச் சுற்றி வெட்டியாயிற்று. சுஜானி சவரப் பிளேட்டை எடுத்துப் போர்வையின் மூலையிலிருந்த பட்டத்தின் தையலில் வைத்தாள். முதல் நூல் அறுந்தது.

"அன்ரி."

"என்ன பிள்ளை?"

"வினுஜா அக்காவை எங்க அனுப்பப் போறீங்கள்?"

சுஜானி பிளேட்டைக் கீழே வைத்தாள். நிசாந்தன் தலை துவட்டுவதை நிறுத்தினான்.

"ஒருத்தரையும் அனுப்பேல்ல," என்றாள் சுஜானி. அறுந்த நூலை முடிச்சுப் போட்டாள். போர்வையை மெஷினுக்கு இழுத்து, தலைமாட்டு ஓரத்தில், வரிசைக்கு வெளியே, குடையை வைத்துத் தைத்தாள். அந்த ஒரு துண்டு மட்டும் போர்வையைவிட்டு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. 

"ஈரமாக் கிடக்கு. காயட்டும், பிறகு படுக்கலாம்."

"குடை எண்டா நனையும்தானே," என்றாள் லதுசா.

எழுந்து வந்து உள்ளங்கையைக் குடையின்மேல் வைத்துப் பார்த்தாள். பிறகு கட்டிலில் ஏறி, பூனையையும் அன்னாசியையும் மிதித்துவிடாமல் கால்களை ஒடுக்கிக்கொண்டு, ஓரத்திலும் ஓரமாக, அந்த ஈரத்துண்டில் கன்னத்தை வைத்துப் படுத்தாள். கண் இன்னும் திறந்துதான் இருந்தது. வாசலில் சுஜானியும் நிசாந்தனும் நின்றார்கள். பக்கத்து இடம் முழுவதையும் பிள்ளை மற்றவர்களுக்கென்று விட்டு வைத்திருந்தாள்.