இரண்டு கேள்விக்குறி

கணவன் ஜெரோம் ஃப்ரீசர் பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கிப் பிடிக்க, கயல்விழி குனிந்து அதன் காலுக்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்த தடிப் புத்தகத்தை இழுத்தாள். பெட்டி ஆடியது. உள்ளே அப்பாவின் தலையும் லேசாக ஆடியது.

“அக்கா, எடுத்துப்போடாதீங்க. வாசல் மேடு பள்ளமா இருக்குதுன்னு நாந்தான் வெச்சேன்” என்றான் தம்பி பூபதி.

“ஏன், செங்கல் கெடைக்கலியா உனக்கு?”

அவன் செங்கல் தேடிப் போனான். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பா அங்கப்பன் முப்பது வருடம் கருமத்தம்பட்டியில் தறி ஓட்டியவர். படிப்பு ஐந்தாவதோடு சரி. இங்கிலீஷில் தெரிந்தது எட்டே எழுத்து, செஸ் பலகையின் எட்டு வரிசைக்கு. உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் அவர் வாங்கிவந்த, இந்தப் புத்தகமும் சேர்ந்த ஐந்து செஸ் தொகுதிகளைப் படிக்க அதுவே போதுமாக இருந்தது. ஆட்டத்தை எப்படியெல்லாம் தொடங்கலாம், எங்கே கெட்டுப்போகும் என்பதெல்லாம் அதில் காய்களின் படமாகவும் குறிகளாகவும்தான் இருந்தன. நல்ல நகர்த்தலுக்கு ஆச்சரியக்குறி. தப்புக்குக் கேள்விக்குறி. ஆட்டமே போயிற்று என்றால் இரண்டு கேள்விக்குறி.

மனுஷன் வீட்டிலும் அப்படித்தான். ரசம் நன்றாக இருந்தால் விரலால் காற்றில் ஓர் ஆச்சரியக்குறி. அவள் மார்க் குறைந்தால் தறியில் படிந்த பஞ்சுத் தூசியில் ஒரு கேள்விக்குறி. அவரோடு ஆடத் தெரிந்ததும், அந்தக் குறிகளைப் படிக்கத் தெரிந்ததும் வீட்டில் அவளுக்கு மட்டும்தான். வால்பாறை எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஜெரோமைக் கட்டிக்கொள்கிறேன், சர்ச்சில் கல்யாணம் என்று அவள் வந்து நின்றபோது, அதே தூசியில் இரண்டு கேள்விக்குறி போட்டுவிட்டுத் தறியை ஓட்டப் போய்விட்டார். கல்யாணத்துக்கு வரவில்லை. வீட்டில் யாரையும் விடவும் இல்லை. அதன்பிறகு ஆறு வருடம் அவரிடமிருந்து ஒரு போன் கிடையாது. என்றைக்காவது ஒரு வார்த்தை சொல்வார் என்று இருந்தாள். இனி எங்கே சொல்ல? காலையில் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

புத்தகத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். நடுவிலிருந்து ஒரு அட்டை விழுந்தது. அவள் தபாலில் அனுப்பிய கல்யாணப் பத்திரிகை. நாளும் நேரமும் அச்சிட்டிருந்த இடத்துக்குக் கீழே பென்சிலில் அப்பாவின் கோணல் எழுத்து.

போகல ??

செங்கல்லோடு வந்த பூபதி எட்டிப் பார்த்தான். “எங்களத்தான் கேட்டிருக்காருங்க்கா. போகலியா, போகலியான்னு ரெண்டு தடவ. நாங்க யாரும் போகலீன்னு வருத்தமாட்ட இருக்குது.”

அம்மா மாரியாத்தாள் அதைக் கேட்டு மறுபடியும் ஓவென்று அழுதாள். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நான் போயிருப்பேனே என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

கயல்விழி அவர்களைத் திருத்தவில்லை. அது கேள்வி இல்லை. கல்யாணத்துக்குப் போகாமல் இருந்த தன் நகர்த்தலுக்கு அப்பா தானே போட்டுக்கொண்ட குறி. ஆக, தப்பென்று தெரிந்திருக்கிறது. தெரிந்தும் பென்சிலில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்து மூடிவிட்டார். வால்பாறைக்கு பஸ் இல்லையா? அவள் நம்பர் அம்மாவிடம் இல்லையா? புத்தகத்துக்குச் சொன்னதை மகளுக்குச் சொன்னால் குறைந்தா போயிருப்பார்? வராத மனுஷன் மீது இருந்ததைவிட, இந்த மனுஷன் மீது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

“ஆறு வருசமுங்கப்பா” என்றாள், பெட்டியைப் பார்த்து.

கண்ணாடி மூடியில் குளிருக்கு நீர் பூத்திருந்தது. அவர் முகத்துக்கு நேராக விரலால் ஒரு கேள்விக்குறி போட்டாள். பக்கத்திலேயே இன்னொன்று.

“என்னம்மணி எழுதற?” என்றாள் அம்மா.

“ஒண்ணுமில்லீங்கம்மா.”

சூலூரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய பெரியப்பா, முகம் தெரியவில்லை என்று தோள் துண்டை எடுத்துக் கண்ணாடியை நன்றாகத் துடைத்தார்.