எட்டாவது போர்ட்

திங்கட்கிழமை காலை பத்து மணி நாற்பத்தொரு நிமிடம் ஏழு விநாடிக்கு எட்டாவது போர்ட்டில் மின்சாரம் நின்றிருந்தது.

நர்கீஸ் மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு, சுவிட்சுப் பெட்டி தானே பதிந்துவைத்திருந்த அந்த வரியை மூன்று முறை படித்தாள். அதற்கு மேல் வரி: இரண்டாவது போர்ட்டில் புதிய கருவி, முப்பது வாட் கேட்கிறது. கீழ் வரி, பதினொன்று இருபத்தாறுக்கு: இரண்டாவது போர்ட்டில் கருவி கழற்றப்பட்டது. எட்டாவதுக்கு மறுபடி மின்சாரம்.

இடையில் ஆண்டிச்சாமி செத்துப்போயிருந்தான்.

போன் வயர்களைச் செருக எட்டு போர்ட், எட்டு ஓட்டை, உள்ள அந்த சுவிட்சைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். திண்டுக்கல்லுக்கு வெளியே இருக்கிற இந்தத் தோல் தொழிற்சாலைக்கு எட்டு இணையப் போன்கள் வேண்டும் என்று ஆறு மாதம் முன்பு அவள் கடையில் வந்து கேட்டார்கள். இந்தப் போன்களுக்குத் தனியாக பிளக் கிடையாது. பேச்சும் மின்சாரமும் ஒரே வயரில் சுவிட்சிலிருந்து போகும். ஆகவே எந்தப் போனுக்கு எவ்வளவு மின்சாரம் என்று கூட்டிப் பார்த்துத்தான் சுவிட்ச் வாங்க வேண்டும். நூற்றிருபது வாட் சுவிட்சுக்குக் காற்றாடி உண்டு. அறுபத்திரண்டு வாட்டுக்குக் கிடையாது. சுவிட்ச் உட்காரப்போவது முதலாளி அறைச் சுவருக்கு அந்தப் பக்கம். அவருக்குச் சத்தம் ஆகாது. போன் ஒன்றுக்கு ஐந்து வாட், எட்டுக்கு நாற்பது. தாராளமாகப் போதும் என்று சிறியதையே எடுத்தாள்.

வரிசையும் அவள் போட்டதுதான். ஒன்று முதலாளி. இரண்டு முதலாளி மகன். மூன்று மேனேஜர். பிறகு கணக்கர், ஸ்டோர், சரக்கு அனுப்புமிடம், வாட்ச்மேன். எட்டு, கழிவுநீர்த் தொட்டி. எந்த ஆபீசிலும் அப்படித்தான் போடுவாள். பந்தியில் யாரை எங்கே உட்காரவைப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திங்கட்கிழமை முதலாளி மகன் சென்னையிலிருந்து கொண்டுவந்த வீடியோ போனைத் தானே மாட்டினான். அது முப்பது வாட் கேட்டது. சுவிட்ச் கொடுத்தது. கொடுப்பதற்கு எங்கோ நிறுத்த வேண்டியிருந்தது. கடைசி எண்ணில், தொட்டிப் போனில், நிறுத்தியது. முக்கால் மணி நேரம் கழித்து அவன் அதைக் கழற்றியதும் தொட்டிப் போனுக்கு மறுபடி உயிர் வந்தது. எது முக்கியம் என்று சுவிட்சுக்குச் சொல்லிவைக்க மடிக்கணினித் திரையில் ஒரு பக்கம் உண்டு. ஒரு நிமிட வேலை. நர்கீஸ் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். எட்டு இடத்திலும் 'சாதாரணம்' என்றே இருந்தது.

"வெச்சிருக்கா?" என்று கேட்டார் ஆண்டனிராஜ். மேனேஜர். இருபத்தாறு வருடம் இங்கேயே இருப்பவர். வாசலை மறைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன சார்?"

"எது எப்பக் கெட்டுச்சுன்னு இந்தப் பெட்டியே எழுதி வெச்சுக்கும்னு அன்னைக்கு நீதானம்மா பெருமையாச் சொன்ன? எழுதி வெச்சிருக்கா?"

"வெச்சிருக்கு."

அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "மாதாவே" என்றார்.

நடந்தது ஊருக்கே தெரியும். தொட்டியில் மோட்டார் அடைத்துக்கொண்டது. ஆண்டிச்சாமி இறங்கினான். வாயு அடித்துச் சாய்ந்தான். மேலே துணைக்கு நின்ற கருப்பணன் தொட்டியோரத்துப் போனை எடுத்தார், சத்தமே இல்லை. முகமூடியும் கயிறும் ஸ்டோரில் பூட்டிக் கிடந்தன. போன் அடித்தால்தான் சாவியோடு ஆள் வரும். செல்போன் கிடையாது. போன வருடம் யாரோ கழிவுநீர் வெளியே ஓடுவதை வீடியோ எடுத்ததிலிருந்து எல்லாருடைய செல்லையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். கருப்பணன் தோல் காயும் களத்தைத் தாண்டி ஓடினார். ஆள் வந்து சேரப் பதினோரு நிமிடம்.

மதியம் எஸ்.ஐ. வந்து தொட்டியோரத்துப் போனை எடுத்தார். கணீரென்று டயல் சத்தம் கேட்டது. "இத விட்டுட்டு எதுக்குலே ஓடின?" என்று கேட்டார். போன் செத்திருந்தது என்று கருப்பணன் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. கருப்பணனின் அஜாக்கிரதை என்று எழுதினார்கள்.

"எஸ்.ஐ. பன்னெண்டு மணிக்கு வாரார்" என்றார் ஆண்டனிராஜ். "போன் எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பாத்து எழுதிக்கிட்டு, கருப்பணனக் கூட்டிக்கிட்டுப் போறாராம். அதுக்குள்ள மாத்திரணும். எழுதாத பெட்டி ஏதும் இருக்கா?"

"ரெண்டு கொண்டாந்திருக்கேன். ரெண்டுமே நூத்திருபது வாட். ஒண்ணு இது மாதிரி எழுதும். இன்னொண்ணு சாதா. அதுக்கு ஒரு ஞாபகமும் கிடையாது. கேட்டவுகளுக்குக் கரண்ட்டக் குடுக்கும், அம்புட்டுத்தான்."

"என்னய மாதிரி" என்றார் அவர். "அதையே மாட்டு."

நர்கீஸ் அந்த சாதாப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

"மொதலாளிக்குக் காத்தாடி சத்தம் கேக்கும் சார்."

"கேட்டா கேட்டுட்டுப் போகுது. இப்ப அவருக்கு அதுவா பெருசு?"

"கருப்பணன் அண்ணன் என்ன ஆவாரு?"

"ஜாமீன்ல வந்துருவான். வக்கீல் வெச்சுக் குடுக்கச் சொல்லியிருக்கேன். ஆண்டிச்சாமி வீட்டுக்கும் செய்யிறாக." அவர் குரலைத் தணித்தார். "ஒன்னயப் பொய் சொல்லச் சொல்லலம்மா. பழச ஒடைக்க வேணாம், ஒண்ணும் வேணாம். என் பீரோவுல இருக்கட்டும். கேட்டா எடுத்துக் குடுத்துருவோம்."

"கேக்கலன்னா?"

"கேக்கத் தெரியணுமே." பிறகு இன்னும் கனிவாகச் சொன்னார்: "எனக்கு மட்டுமா? அந்தப் பெட்டியத் தொறந்தா எல்லாப் பக்கத்துலயும் ஒங்கடைப் பேருல்ல இருக்கு. எந்தப் போனு மொதல்ல, எது கடைசின்னு வரிச போட்டது யாருன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

அவர் எழுந்து போனார். கதவைச் சாத்திவிட்டுத்தான் போனார்.

நர்கீஸ் ஞாபகம் இல்லாத சுவிட்சை எடுத்தாள். எட்டு வயர்களையும் கழற்றினாள். மாட்டும்போது தொட்டி வயரை முதல் ஓட்டையில் செருகினாள். இந்த சுவிட்சுக்கு அதெல்லாம் ஒன்றுதான் என்று தெரிந்தும் அப்படிச் செய்தாள். காற்றாடி சுற்ற ஆரம்பித்தது. எட்டுப் போன்களும் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன.

பழைய சுவிட்ச் மடியில் இன்னும் சூடாக இருந்தது. இது பீரோவுக்குப் போகும். அவருக்கு எப்போதாவது ஒரு நாள் யார்மேலாவது கை காட்ட வேண்டிவரும். அன்று பீரோவைத் திறப்பார். நர்கீஸின் கடை, அவள் கையால் தட்டிய பெயர்கள், எட்டு இடத்தில் 'சாதாரணம்'. கடைக்கு அவளைத் தவிர ஆள் கிடையாது. வீட்டிலும் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

இதை எடுத்துக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்கும் போகலாம். அரை மணி நேரத்தில் போய்விடலாம்.

அவள் பழைய சுவிட்சுக்கு மறுபடி மின்சாரம் கொடுத்தாள். பின்பக்கம் ஒரு பொடி ஓட்டை இருந்தது. முந்தானைக்குக் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, நீட்டி, அதற்குள் விட்டு அழுத்தினாள். பத்து விநாடி அழுத்தினால் எல்லாம் போய்விடும். அவள் இருபது வரை எண்ணினாள். விளக்குகள் அணைந்து எரிந்தன. மடிக்கணினியில் திரும்பப் பார்த்தாள். ஒரு வரிகூட இல்லை. எந்த ஓட்டைக்கும் பெயர் இல்லை.

இதை ஆண்டனிராஜ் கேட்கவில்லை. அவருக்கு இப்படி ஒன்று உண்டு என்றே தெரியாது.

பெட்டியை அவர் மேசையில் வைத்தாள். அவர் அதைத் துண்டால் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினார். "பத்திரமா இருக்கும்" என்றார்.

"சரி சார்."

"டீ குடிச்சிட்டுப் போயேன், செத்த நேரம்."

"இல்ல சார், வேல கெடக்கு."

வாசலில் வாட்ச்மேன் அக்பர் அலி அவளுடைய செல்லைத் திருப்பிக் கொடுத்தார். "ஒங்க செல்லு மூணு வாட்டி அடிச்சுச்சும்மா. எடுத்து ஹலோ சொல்லலாம்னு பாத்தேன், அதுக்கும் பெர்மிசன் வேணுமாமே" என்று சிரித்தார்.

அவருக்குப் பின்னால் பெஞ்சில் கருப்பணன் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு மஞ்சப்பை, அதில் மடித்த லுங்கியும் துண்டும். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"போன் மாட்டுனது நீதான தாயி?"

"ஆமாண்ணே."

"இப்ப வேல செய்யுதா?"

"செய்யுது."

"அன்னைக்கும் செஞ்சிச்சாம். எல்லாரும் சொல்றாக. எஸ்.ஐ. எடுத்தப்பக் கணீர்னு கேட்டுச்சு, நானும் பக்கத்துலதான் நின்னேன்." அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். "நான் எடுத்தப்பக் கேக்கல. ஆனா அந்த நேரத்துல எனக்குக் காது அடைச்சிருச்சோ என்னமோ. நாலு நாளா அதையேதான் நெனச்சுப் பாக்குறேன். அவன் பொண்டாட்டி வந்து என் சட்டயப் பிடிச்சுக் கேக்குறா, எனக்கே சொல்லத் தெரியல."

நர்கீஸ் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். சாலையில் போலீஸ் ஜீப் திரும்பிக்கொண்டிருந்தது. கருப்பணனும் அதைப் பார்த்தார். மஞ்சப்பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளிடம் இன்னும் ஒரு அடி நெருங்கினார்.

"ஒனக்குத்தான் தெரியும், நெசத்தச் சொல்லு தாயி. எடுத்ததும் ஏதாச்சும் பட்டன அமுக்கணுமா? நான் அமுக்காம விட்டுட்டனா?"