பத்தாவது வாரம்

அப்பாவின் ஆள்காட்டி விரல் நகத்துக்குள் இருந்த கிரீஸ் வருவேனா என்றது. அவள் குண்டூசியை வைத்துவிட்டு, ஈரத்துணியில் அவருடைய சோப்பையே தொட்டுத் தேய்த்தாள். தகர டப்பாவில் வருகிற, மணல் கலந்த சோப்பு. லிஃப்ட் மெக்கானிக்குகளுக்குக் கம்பெனி கொடுப்பது. சாதாரண சோப்புக்கு அந்தக் கறுப்பு மசியாது என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷக் கறுப்பு. விரல் சில்லிட்டு விறைத்துப் போயிருந்ததால் வேலை இன்னும் கஷ்டமாக இருந்தது.

"விடுடி," என்றாள் அம்மா. "அது இல்லேன்னா அவர் கை மாதிரியே இருக்காது."

அவள் விடவில்லை. ஒன்பது நகங்கள் முடிந்துவிட்டன. ஒன்றை மட்டும் பாக்கி வைக்க மனசு வரவில்லை. எதையும் முழுசாக முடித்து எதிரே ஒரு டிக் போட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். பார்க்கிற வேலை அப்படி. நான்கு மணி நேர ரயில் தூரத்தில், வேறொரு கம்பெனியின் மனிதவளப் பிரிவில் இருந்தாள். யாரை ஏற்றிவிடலாம், யாரை இறக்கிவிடலாம் என்று கட்டம் கட்டி எழுதுகிற வேலை. போன வருஷம் அந்தப் பிரிவுக்குத் 'திறமை வளர்ப்புப் பிரிவு' என்று பெயர் மாற்றிக் கேக் வெட்டினார்கள். வேலை என்னவோ அதேதான்.

முந்தாநாள் காலை, ஐந்தரை பஸ்ஸுக்காக நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா, பஸ் வந்ததும் எழுந்திருக்கவில்லை. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்திருக்கிறார். மடியில் கைப்பை, அதன்மேல் இரண்டு கையும். மாரடைப்பு என்றார் டாக்டர். அம்மாவுக்கு மாரடைப்பு புரிந்தது. ஐந்தரை பஸ்தான் புரியவில்லை. எட்டு மணி வேலைக்கு ஏழு மணி பஸ்ஸே தாராளம். இத்தனை வருஷமும் அதில்தான் போனார். போன வாரத்திலிருந்துதான் இந்தக் கூத்து. துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அம்மா அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏன் இவ்வளவு சீக்கிரம்னு கேட்டா, கூட்டம் இருக்காதுங்கறார். இவருக்கு எப்பலேர்ந்து கூட்டம் ஆகாமப் போச்சு?"

தலையை ஆட்டிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பதினொரு மணிக்கு மயான வண்டி வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

ஒன்பது மணி வாக்கில் கயிறு வந்தார். அப்பாவோடு வேலை பார்ப்பவர். ஆள் உயரமாக ஒல்லியாக இருப்பார், லிஃப்ட் கயிறு மாற்றுவதில் கெட்டிக்காரர், இரண்டுக்கும் சேர்த்து அந்தப் பெயர். அப்பாவைக் கிடத்தியிருந்த பெட்டிக்குப் பக்கத்தில் அவர் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. விறுவிறுவென்று பின்பக்கம் போய்க் குழாயடியில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். டீ எடுத்துக்கொண்டு போனவளிடம் டம்ளரை வாங்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

அவர்கள் குழுவில் ஏழு பேர். வருஷா வருஷம் மதிப்பெண் போடும்போது ஏழு பேரில் ஒருவர் கடைசிக் கட்டத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பது தலைமை அலுவலகத்து விதி. ஏழு பேரும் உயிரைக் கொடுத்து வேலை செய்தாலும் அந்தக் கட்டம் காலியாக இருக்கக்கூடாது. அதனால் அவர்களே தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். இந்த வருஷம் நீ, அடுத்த வருஷம் நான். யார் முறையோ அவருக்கு மற்ற ஆறு பேரும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து, தோளில் தட்டி அனுப்பிவைப்பார்கள். ஒன்பது வருஷமாக யாருக்கும் ஒரு சேதமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. போன வருஷம் அப்பாவின் முறை. இந்த வருஷம் கயிற்றின் முறை. கயிற்றின் மனைவி மாசமாக இருந்தாள், முதல் பிள்ளை வேறு தங்கவில்லை, மனுஷன் பயந்துபோய் இருந்தார். "நானே இன்னொரு வருஷம் இருந்துட்டுப் போறேன், நீ பொண்டாட்டியைப் பாரு," என்று அப்பா சொல்லிவிட்டார்.

தொடர்ந்து இரண்டு வருஷம் கடைசியில் இருந்தால் 'முன்னேற்றத் திட்டம்' என்று ஒரு புது விதி வந்திருப்பது அந்த ஏழு பேரில் ஒருவருக்கும் தெரியாது. பதின்மூன்று வாரம். வாரா வாரம் மேனேஜர் குறை எழுதுவார், அப்பா கீழே கையெழுத்துப் போட வேண்டும். கடைசி வாரம் தேறவில்லை என்றால் வீட்டுக்கு.

"நான் போய்ச் சொன்னேன்மா, என் முறைதான் சார், என்னைப் போடுங்கன்னு. கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு, இனிமே மாத்த முடியாதுன்னுட்டார்," என்றார் கயிறு. "வீட்ல சொல்லாதேன்னு உங்கப்பா சத்தியம் வாங்கிட்டார்."

அவள் டம்ளரைக் குழாய் மேடையில் வைத்தாள்.

மூன்று மாதம் முன்பு ஒரு மதியம் அப்பா போன் செய்தார். ஆபீஸ் நேரத்தில் அவர் கூப்பிடுவதே கிடையாது. "பாப்பா, கடைசில ஒருத்தர் இருந்தே ஆகணுமாம். நானே இருந்துக்கறேன்னு சொல்லியிருக்கேன். ஒண்ணும் ஆகாதில்ல?" அவள் அப்போது ஒரு கூட்டத்தில் இருந்தாள். எதிரே திரையில் பதினோரு பேருடைய பெயர்களைக் கட்டத்துக்குக் கட்டம் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். "ஒண்ணும் ஆகாதுப்பா, அது சும்மா பேப்பர்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். போன வருஷமும் நீங்களாப்பா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இரண்டு வருஷ விதி அவளுடைய கம்பெனியிலும் உண்டு. அவளுக்கு அது மனப்பாடம்.

பத்து மணிக்கு மேனேஜர் வந்தார். அப்பாவிடம் வேலை பழகியவர்தான். எந்த ஸ்பானரைக் கேட்டாலும் எட்டாம் நம்பரையே எடுத்து நீட்டுவாராம். வீட்டில் அவருக்குப் பெயரே எட்டாம் நம்பர். பெரிய மலர்வளையம் ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார். அதில் ஒரு ரிப்பன்: 'எங்கள் அருமைத் திறமையாளருக்கு.' கம்பெனியின் சின்னம் அதைவிடப் பெரிதாக இருந்தது. வளையத்தைப் பெட்டியின்மேல் வைக்கிற மாதிரி குனிந்து, கூட வந்தவர் போனில் படம் எடுக்கிற வரைக்கும் அப்படியே நின்றார். முதல் படம் சரியாக வரவில்லை போலிருக்கிறது. வளையத்தை எடுத்து இன்னொரு தடவை வைத்தார்.

அப்புறம் உட்கார்ந்து, சார் மாதிரி ஒருத்தர் இனிமேல் கிடைப்பாரா, சார்தான் எனக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார், அவர் எங்கள் நிறுவனத்தின் சொத்து என்றெல்லாம் சொல்லிக்கொண்டே டீயில் பிஸ்கட்டைத் தோய்த்தார். பிஸ்கட் நனைந்து டம்ளருக்குள் விழுந்தது. விரலை உள்ளே விட்டு, துழாவி எடுத்து, நக்கிக்கொண்டார். அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த விரல்தான் அப்பாவுக்கு வாரா வாரம் குறை எழுதியிருக்கிறது.

அவர் நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்திக் குரலைத் தாழ்த்தினார்.

"சாரோட பையில ஒரு பச்சை ஃபைல் இருக்கும். ஆபீஸ் ஃபைல்தான். இப்பவே குடுத்தீங்கன்னா எடுத்துட்டுப் போயிடறேன். அப்புறம் உங்களுக்கு வீண் அலைச்சல்."

அலைச்சலைப் பற்றி எவ்வளவு அக்கறை! அவள் எழுந்து உள்ளே போனாள். பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. டிபன் டப்பா, மடித்த துண்டு, அடியில் பச்சை ஃபைல். கட்டிலில் உட்கார்ந்து திறந்தாள்.

முதல் பக்கத்து உச்சியில் 'இது தண்டனை அல்ல, உங்களுக்கான வாய்ப்பு' என்று இருந்தது. அவளுடைய கம்பெனிப் படிவத்திலும் அதே வரிதான். யாரிடமிருந்து யார் காப்பியடித்தார்களோ. வாரத்துக்கு ஒரு பக்கம். 'கருவிகளைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை' என்று எழுதியிருந்தார் எட்டாம் நம்பர். அதற்குக் கீழே, 'இந்த வாரம் கற்றுக்கொண்டது' என்ற இடத்தில், அப்பாவின் குண்டு எழுத்து: 'இயந்திர அறையை விட்டு வரும்போது விளக்கை அணைக்கக் கற்றுக்கொண்டேன்.' இருபத்தாறு வருஷம் அணைத்தவர். ஒவ்வொரு பக்கத்திலும் அடித்தல் திருத்தல் இல்லாமல் அவர் கையெழுத்து. ஒன்பதாவது வாரம் வரை.

பத்தாவது பக்கத்தைத் திருப்பியபோது அது வெறுமையாக இருக்கும் என்றுதான் நினைத்தாள். அதிலும் மேனேஜர் எழுதியிருந்தார். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, எல்லாவற்றிலும் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். இன்னும் வராத வாரங்கள். மொத்தமாகக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று ஃபைலை அப்பாவின் கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறார். பதின்மூன்றாவது வாரத்தில் ஒரே வரி: 'முன்னேற்றம் இல்லை.'

அவள் பத்தாவதுக்குத் திரும்பி வந்தாள். தேதி அடுத்த வெள்ளிக்கிழமை. 'வேலைக்குத் தாமதமாக வந்தார். எச்சரிக்கப்பட்டது.' அதற்குக் கீழே அப்பா பென்சிலால், அழிக்க வசதியாக லேசாக எழுதியிருந்தார்: '5.30 பஸ். இனி தாமதம் வராது.'

அவள் ஃபைலை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மேனேஜர் கையை நீட்டினார். அவள் பத்தாவது பக்கத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை எங்கப்பா என்ன செஞ்சார்னு எழுதியிருக்கீங்க. அம்மாவுக்குக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க சார்."

"மேடம், இது வந்து..."

"கீழ பென்சில்ல இருக்கறதையும் சேர்த்துப் படிங்க."

அவர் படிக்கவில்லை. பெட்டியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கூட வந்தவரைப் பார்த்தார். அந்த ஆள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கடைசியில் அவளே படித்தாள், இரண்டையும். குழாயடியிலிருந்து கயிறு வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா எழுந்து வந்து மேனேஜரின் கையிலிருந்த டம்ளரை, பாதி டீயோடு, வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். சாக்கடையில் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

மேனேஜர் எழுந்தார். அவளும் வாசல் வரை போனாள், ஃபைல் அவள் கையில்தான் இருந்தது. செருப்பு மாட்டிக்கொண்டே அவர், ஃபைல் இல்லாமல் போனால் தன்னைத்தான் கேட்பார்கள் என்றார்.

"பத்தாவது வாரம் முடியட்டும். வந்து வாங்கிக்கங்க."

அவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில், நிஜமாகவே புரியாமல்தான் பார்த்தார்.

"நீங்களும் இதே வேலைதானே மேடம் பாக்கறீங்க? முன்னாடியே எழுதி வெக்காம யார் வாரா வாரம் உக்காந்து எழுதறா? சொல்லுங்க."

அவர் ஒரு நிமிஷம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்.

பதினொரு மணிக்குச் சொன்ன வண்டி பதினொன்றேகாலுக்கு வந்தது. கயிறு முன்னால் வந்து பெட்டியின் தலைப்பக்கத்தைப் பிடித்தார், கடைசி வரைக்கும் யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை. மலர்வளையத்தை எடுத்து வர யாருக்கும் தோன்றவில்லை. அது கூடத்திலேயே ரிப்பனோடு கிடந்தது.

எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்ப மூன்று மணி ஆகிவிட்டது. அவள் போனை எடுத்துப் பார்த்தாள். ஆபீஸிலிருந்து ஆழ்ந்த அனுதாபம். அதற்கு அடுத்த வரியில், அவசரமில்லை, அந்தப் பதினோரு பேர் ஃபைல் மட்டும் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். முடிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமையே, காலை நீட்டி உட்கார்ந்து, தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே முடித்துவிட்டாள். கடைசிக் கட்டத்தில் பண்டகசாலைக்காரர் ஒருவர். அவர் முகம்கூட அவளுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பதின்மூன்று வாரத்துக்கும் எழுதி வைத்திருந்தாள். ஒரு வாரத்துக்கு என்ன எழுதுவது என்று தோன்றாமல், தாமதமாக வந்தார் என்று போட்டிருந்தாள்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். குழாய் மேடையில் அப்பாவின் சோப்பு டப்பா காலையில் வைத்த இடத்திலேயே இருந்தது. மூடியைத் திறந்து இரண்டு விரலால் வழித்து எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு. மணல் நறநறவென்றது. நுரை வெள்ளையாகவே ஓடியது. ஒவ்வொரு நகமாகத் தேய்த்தாள்.

அம்மா வந்து பக்கத்தில் நின்றாள்.

"உன் கையில ஒண்ணும் இல்லையேடி."

தோல் சிவந்து எரிந்தது. அவள் டப்பாவைப் பக்கத்தில் இழுத்து, இன்னும் கொஞ்சம் வழித்து எடுத்தாள்.